சரக்கு ஓட்டும் விமானிக்குத் தூக்கம் எதற்கு?

அமெரிக்காவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில், நள்ளிரவில், இரண்டு போயிங் 767 விமானங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருநூறு பயணிகள். மற்றதில் செருப்பு, செல்போன், மருந்து, யாரோ ஆர்டர் போட்ட காபி மெஷின். இரண்டிலும் இரண்டிரண்டு விமானிகள். பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவர் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கினார், அன்று எத்தனை முறை ஏறி இறங்கப் போகிறார் என்று பார்த்து, 9 முதல் 14 மணி நேரத்துக்குள் அவரை வேலையிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம். ராத்திரியில் தொடங்கினால் நேரம் குறையும். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. அவருக்குப் பழைய விதிதான்: 16 மணி நேரம் வரை டியூட்டி. அது காலை எட்டு மணிக்குத் தொடங்கினாலும் ஒன்றுதான், ராத்திரி பன்னிரண்டுக்குத் தொடங்கினாலும் ஒன்றுதான்.

2014 ஜனவரி 4 முதல் இப்படித்தான். இருவரும் ஒரே ரன்வேயில் ஏறுகிறார்கள், ஒரே வானத்தில் பறக்கிறார்கள், ஒரே ஊர்களின் வீட்டுக் கூரைகளுக்கு மேலே போகிறார்கள்.

நான் விமானி இல்லை. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் லோட் கண்ட்ரோல் வேலை பார்த்தவன். விமானத்துக்குள் எந்த பேலட் (சரக்கு அடுக்கிக் கட்டிய பலகை) எந்த இடத்தில் உட்கார வேண்டும், மொத்த எடை எவ்வளவு, எடையின் மையம் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டு, லோட்ஷீட் என்ற ஒரு தாளைத் தயார் செய்து, கேப்டனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அபாயகரமான பொருள் ஏதாவது ஏறியிருந்தால் அதற்கு நோட்டாக் என்று தனியாக ஒரு தாள். அதையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரக்கு விமானங்கள் பெரும்பாலும் ராத்திரியில் வருகிறவை என்பதால் என் வேலையும் ராத்திரியில்தான். விமானிகளோடு எனக்கு இருந்த பழக்கமெல்லாம் அந்தக் கையெழுத்து வாங்கும் பத்து நிமிஷம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு மனிதன் எந்த நிலையில் இருக்கிறான் என்பது நன்றாகவே தெரிந்துவிடும்.

சரக்கு விமானத்தின் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஜன்னல் கிடையாது. தரை முழுக்க உருளைகளும் இரும்பு குண்டுகளும். அதன் மேல் வலை போட்டுக் கட்டிய பேலட்டுகளை ஆட்கள் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். மீன் ஏறிய நாளில் மீன் நாற்றம், மாம்பழ சீசனில் மாம்பழ வாசனை. கோடையில் ராத்திரி இரண்டு மணிக்கும் வெளியே 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. கதவு திறந்தே கிடப்பதால் உள்ளேயும் அதே புழுக்கம். 747 என்றால் ஏணியில் ஏறி மேல்தளத்துக்குப் போக வேண்டும். அங்கே காக்பிட்டுக்குப் பின்னால் நாலைந்து இருக்கைகள், ஒரு சின்ன அடுப்படி, படுக்க இரண்டு பங்க். பணிப்பெண்கள் யாரும் இல்லை. சாப்பாட்டை அவர்களே சூடு பண்ணிக்கொள்ள வேண்டும். பயணிகள் விமானத்தில் அவ்வப்போது யாராவது காக்பிட்டுக்குப் போன் போட்டு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்கள். விமானிகள் விழித்திருக்கிறார்களா என்பதற்கு அது ஒரு சோதனையும்கூட. சரக்கில் அதுவும் இல்லை.

களைத்த விமானியை எப்படிக் கண்டுபிடிப்பது? கொட்டாவியைப் பார்த்து இல்லை. கொட்டாவி எல்லோரும்தான் விடுவோம். லோட்ஷீட்டில் ஓர் எண்ணைப் படிப்பார், கம்ப்யூட்டரில் தட்டுவார், மறுபடியும் தாளைப் பார்ப்பார், மறுபடியும் அதே எண்ணைக் கேட்பார். "ஜீரோ ஃப்யூல் வெயிட் எவ்வளவு சொன்னீங்க?" என்று இரண்டாம் முறை கேட்கும்போது குரலில் சங்கடம் இருக்காது. முதல் முறை கேட்டது நினைவில் இருந்தால்தானே சங்கடம் வரும். சிலர் மூடியைத் திறக்காமலேயே பேனாவைத் தாளில் வைத்து எழுதப் பார்ப்பார்கள்.

அந்தப் பக்கம் அடிக்கடி வந்துகொண்டிருந்த ஒரு கேப்டன் திருச்சிக்காரர். ஒப்பந்த வேலை. இருபது நாள் பறந்தால் பத்து நாள் வீடு. தமிழ் ஆள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரு ராத்திரி சரக்கு வந்து சேரத் தாமதமாகி, விமானம் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டி மணிக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. ஹோட்டலுக்குத் திருப்பி அனுப்பவில்லை, இதோ வந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருத்திய லோட்ஷீட்டோடு மேலே போனபோது அவர் போனில் இருந்தார். எதிர்முனையில் நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் பிரிவு. எதிர்பாராத தாமதம் வந்தால் கேப்டன் தன் விருப்பத்தின்பேரில் டியூட்டி நேரத்தைக் கொஞ்சம் நீட்டித்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. டிஸ்க்ரிஷன் என்பார்கள். காகிதத்தில் அது கேப்டனின் உரிமை. நடைமுறையில் அந்தப் போன் எப்படி இருக்கும் என்றால், "எடுக்க முடியுமா" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எடுப்பதாக வைத்துக்கொண்டு கிளம்ப ஸ்லாட் கேட்டுவிட்டோம், சரிதானே கேப்டன்?" என்பார்கள். மாட்டேன் என்று சொன்னால் மாற்று ஆள் அந்த ஊரிலேயே கிடையாது. விமானம் அடுத்த நாள் வரை நிற்கும். அந்தச் செலவுக்கு ஒரு பெயர் வேண்டும். அது அவருடைய பெயராக இருக்கும்.

போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "பாசஞ்சர் ஃப்ளைட்டுல லேட்டானா நூறு பேரு சத்தம் போடுவாங்க தம்பி. இங்க பெட்டி சத்தம் போடாது. கம்பெனிதான் போடும்" என்றார். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அப்படி நடந்துகொள்கிற ஒரே நிறுவனம் அதுதான் என்று நான் நினைக்கவும் இல்லை.

லோட்ஷீட் வேலை பார்த்தவர்களுக்கு மறக்க முடியாத ஒரு விபத்து உண்டு. 2004 அக்டோபர் 14, கனடாவின் ஹாலிஃபாக்ஸ். எம்கே ஏர்லைன்ஸ் என்ற நிறுவனத்தின் 747 சரக்கு விமானம். லக்சம்பர்க்கில் தொடங்கி, அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி, ஹாலிஃபாக்ஸில் சிங்கி இறால் ஏற்றி, ஸ்பெயினின் ஸரகோஸாவுக்குப் போக வேண்டும். அதிகாலை நாலு மணியை நெருங்கும்போது ரன்வேயில் ஓடத் தொடங்கியது. ஏறவில்லை. வால் தரையில் இடித்து, ரன்வே முடிந்த பிறகும் ஓடி, ஆண்டெனாவுக்காகப் போட்டிருந்த மண்மேட்டில் பின்பகுதி மோதி, வால் பிய்ந்து, காட்டுக்குள் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

எடையில்தான் தவறு. விமானத்தின் உண்மையான எடை சுமார் 353 டன். ஆனால் இன்ஜினுக்கு எவ்வளவு விசை கொடுக்க வேண்டும், எந்த வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும் என்பதற்கெல்லாம் சுமார் 240 டன் என்ற எடையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அது முந்தைய ஊரான பிராட்லியில் கிளம்பியபோது இருந்த எடை. லேப்டாப்பில் இருந்த மென்பொருளில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தபோது பழைய எடை வந்து உட்கார்ந்துகொண்டது, அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் விசாரணையில் தெரிந்த, நடந்திருக்க வாய்ப்புள்ள கதை. நூறு டன்னுக்கு மேல் வித்தியாசம். தூங்கி எழுந்து வந்த ஒரு விமானிக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே உறுத்தியிருக்கும். கிட்டத்தட்ட 19 மணி நேரமாக டியூட்டியில் இருந்த ஒரு குழுவுக்கு உறுத்தவில்லை. ஸரகோஸா போய், லக்சம்பர்க் திரும்பி எல்லாம் முடியும்போது அது 30 மணி நேரமாகியிருக்கும்.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து எழுதிய அறிக்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது லேப்டாப் கதை இல்லை. நிறுவனம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது, விமானிகள் போதவில்லை என்ற பகுதிதான். டியூட்டி நேரத்தின் உச்சவரம்பு முதலில் 20 மணி நேரமாக இருந்தது. அதை 24 மணி நேரமாக உயர்த்தியிருக்கிறார்கள். கூடுதல் விமானிகளை ஏற்றிக்கொண்டு போவதால் மாறி மாறிப் படுத்துக்கொள்ளலாம் என்பது அதற்கான நியாயம். ஆள் கிடைக்காதபோது இருக்கிற ஆளின் நாளை நீட்டியாயிற்று, அவ்வளவுதான். அந்த நாளுக்குள் எங்கேயோ ஒரு நிமிஷத்தில் ஓர் எண் மாறிப் போனது. "விமானியின் தவறு" என்று தலைப்புச் செய்தி எழுதிவிடலாம். உச்சவரம்பை உயர்த்திக் கையெழுத்துப் போட்டது விமானி இல்லை.

இதற்கும் முன்னால், 1993 ஆகஸ்ட் 18 அன்று, கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் தரையிறங்கும்போது விழுந்தது. மூன்று பேர் குழுவும் பலத்த காயங்களோடு பிழைத்துக்கொண்டது. கேப்டன் 23 மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருந்தார். தளத்தின் எல்லை வேலியைக் காட்டும் ஒளிவிளக்கு எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தார். அந்த விளக்கு அன்று எரியவே இல்லை. மற்ற இருவரும் வேகம் குறைகிறது என்று எச்சரித்ததெல்லாம் காதில் ஏறவில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய விமான விபத்துக்கு விமானிகளின் களைப்பையே காரணமாக எழுதிய முதல் அறிக்கை என்று இதைச் சொல்வார்கள். இதில் ஒரு தந்திரமும் உண்டு. அந்தக் குழு ராத்திரி முழுக்கப் பறந்து அட்லாண்டாவில் வேலையை முடித்துவிட்டது. அதன் பிறகுதான் இந்தக் கூடுதல் டிரிப்பைத் தலையில் கட்டினார்கள். குவாண்டனாமோவிலிருந்து காலி விமானமாகத் திரும்பி வருவது வணிகப் பறத்தலில் சேராது, அதனால் அந்த மணி நேரங்கள் வரம்புக்குள் வராது. சட்டப்படி எல்லாம் சரி. மனித உடம்புக்குத்தான் காலி விமானத்துக்கும் நிறைந்த விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்புறம் 2009 வருகிறது. பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறிய பயணிகள் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். இந்த விபத்துதான் அமெரிக்க விமானிகளின் ஓய்வு விதிகளை மாற்றியது. அதில் துணை விமானி சியாட்டிலில் குடியிருந்தவர். வேலைக்கு வர நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்திருந்தார். எப்படி வந்தார் தெரியுமா? மெம்ஃபிஸ் வழியாக, ஃபெட்எக்ஸ் சரக்கு விமானங்களின் உபரி இருக்கையில். பயணிகள் விமானிகளின் தூக்கத்தைக் காப்பாற்றிய சட்டத்துக்குக் காரணமான கதையிலேயே, அந்த ராத்திரி முழுக்க விழித்து ஓட்டிய சரக்கு விமானிகள் இருந்தார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

2010ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதிகளை எழுதத் தொடங்கியபோது முதல் வரைவில் சரக்கு விமானிகளும் இருந்தார்கள். 2011 டிசம்பரில் இறுதி விதி வெளிவந்தபோது இல்லை. காரணம் செலவு-பயன் கணக்கு. ஒரு விதியால் நிறுவனங்களுக்கு ஆகும் செலவையும், தவிர்க்கப்படும் விபத்துகளால் மிச்சமாகும் உயிர்களின் பண மதிப்பையும் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள். பயணிகள் விமானம் விழுந்தால் நூற்றுக்கணக்கில் உயிர். சரக்கு விமானம் விழுந்தால் இரண்டோ மூன்றோ. அப்படிப் பார்த்தால் சரக்கு விமானிகளைச் சேர்ப்பது கட்டுப்படியாகாது என்று முடிவு வந்தது. விரும்பினால் நிறுவனங்கள் தாங்களாகவே இந்த விதியைப் பின்பற்றலாம் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். பார்சல் நிறுவனமான யுபிஎஸ்ஸின் விமானிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் இந்த விலக்கை நீக்கும் மசோதாக்கள் வருகின்றன, தேங்கிவிடுகின்றன.

அந்தக் கணக்கில் எனக்குக் கோபம் வருவது உயிருக்கு விலை வைத்ததால் இல்லை. எல்லா விதிகளுக்கும் அப்படி ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். விழுகிற விமானம் ஆளில்லாத இடமாகப் பார்த்து விழும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறதே, அதுதான்.

விதி வெளிவந்ததற்கும் அமலுக்கு வந்ததற்கும் இடையில், 2013 ஆகஸ்ட் 14 அன்று, பர்மிங்ஹாம் நடந்தது. இங்கிலாந்து இல்லை, அலபாமா. யுபிஎஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300. லூயிவில்லிலிருந்து கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம். பெரிய ரன்வேயில் விளக்கு வேலை நடந்துகொண்டிருந்தது, ஐந்து மணிக்குத்தான் திறக்கும். அதனால் நீளம் குறைந்த, துல்லியமான வழிகாட்டி வசதி இல்லாத ரன்வே. விமானம் வேண்டியதைவிட வேகமாக இறங்கியது, யாரும் உயரத்தைச் சொல்லவில்லை. அதிகாலை 4.47க்கு ஒரு குன்றின் சரிவில் மோதியது. பெரிய ரன்வே திறக்கப் பதின்மூன்று நிமிஷம் இருந்தது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள்.

காக்பிட் குரல்பதிவை எழுத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் அவர்கள் இருவரும் இதே புதிய விதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சரக்கு விமானிகளை மட்டும் ஏன் விட்டார்கள், எல்லோருக்கும் ஒரே பாதுகாப்புதானே இருக்க வேண்டும் என்று. அலாரம் அடித்தபோது எவ்வளவு களைப்பாக இருந்தது என்று துணை விமானி சொல்கிறார். இந்த அட்டவணை தன்னைக் கொல்கிறது என்ற பொருளில் கேப்டன் முன்பே சக விமானிகளிடம் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் விஷயம் சிக்கலாகிறது. யுபிஎஸ் கொடுத்திருந்த அந்த அட்டவணை, பயணிகள் விமானிகளுக்கான புதிய விதியின் கீழும் தேறியிருக்கும். துணை விமானி தனக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று விசாரணை வாரியம் எழுதியது. உடம்பின் உள்கடிகாரம் தூங்கச் சொல்கிற நேரம் அது என்பதையும் சேர்த்தே எழுதியது. தொழிற்சங்கங்கள் பர்மிங்ஹாமை உதாரணமாகக் காட்டும்போது இந்தப் பகுதியை மென்று விழுங்கிவிடுவார்கள். எதிர்த்தரப்பு இதை மட்டும் பிடித்துக்கொள்ளும். பகலில் தூங்குவது ஒருவருடைய தனிப்பட்ட பொறுப்பு மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் நைட் ஷிஃப்ட் பார்த்ததில்லை என்றுதான் நான் முடிவு கட்டுவேன். ராத்திரி இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடம்பு அடங்கிப் போகிற நேரம். வருஷக்கணக்கில் அந்த நேரத்தில் வேலை பார்த்தாலும் அது பழகுவதில்லை. காலையில் படுத்தால் நாலைந்து மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். ஹோட்டலாக இருந்தால் துப்புரவு வண்டி தாழ்வாரத்தில் உருளும், பக்கத்து அறைக் கதவு அறையும். விடுமுறை வந்தால் வீட்டாரோடு பகலில் விழித்து ராத்திரியில் தூங்கத்தான் எவருக்கும் தோன்றும். அடுத்த டியூட்டிக்கு மறுபடியும் முதலிலிருந்து.

சரக்குத் தொழிலே ராத்திரியை வைத்துக் கட்டியது. 1973 ஏப்ரல் 17 அன்று மெம்ஃபிஸிலிருந்து ஃபெட்எக்ஸின் 14 சிறு விமானங்கள் 186 பார்சல்களோடு கிளம்பியதிலிருந்து வடிவம் மாறவில்லை. மாலையில் ஊர் ஊராகச் சேகரிப்பது, நள்ளிரவில் ஹப் என்ற ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து பிரிப்பது, விடிவதற்குள் திருப்பி அனுப்புவது. பார்சல் காலையில் வாசலுக்கு வர வேண்டுமென்றால் விமானி ராத்திரியில் இரண்டு முறை பறந்தாக வேண்டும், நடுவில் ஹப்பில் காத்திருக்க வேண்டும். யுபிஎஸ்ஸின் ஹப்பான லூயிவில்லில் விமானிகள் படுக்கத் தனி அறைகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். இரண்டு மணி நேரம் கண்ணை மூடலாம்.

இதை மாற்ற முடியாது, பார்சல் வேண்டாம் என்று சொல்ல நானும் தயாரில்லை. மாற்றக்கூடியது ஒன்றுதான்: எத்தனை பேரை வைத்து இந்த ராத்திரிகளைப் பங்கு போடுகிறோம் என்பது. தொடர்ந்து எத்தனை இரவு, இரண்டு இரவுத் தொகுப்புகளுக்கு நடுவே எத்தனை நாள், ஸ்டேண்ட்பையில், அதாவது மாற்று ஆளாகத் தயாராக, யாராவது இருக்கிறார்களா, களைப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மருத்துவ விடுப்பிலிருந்து கழிப்பார்களா மாட்டார்களா, எல்லாமே ஆள் எண்ணிக்கையில் வந்து நிற்கும். அதில்தான் இந்தத் தொழில் பிடிகொடுக்காது. சந்தை ஏறும்போது ஆள் போதாது. இறங்கும்போது ஆள் அதிகம்.

கொரோனா காலத்தைப் பாருங்கள். பயணிகள் விமானங்கள் நின்றன. அவற்றின் அடிவயிற்றில் போய்க்கொண்டிருந்த சரக்கெல்லாம் சரக்கு விமானங்களுக்கு வந்தது. ஹாங்காங்கில் கேத்தே பசிஃபிக் விமானிகள் 'மூடிய வளையம்' என்ற முறையில் பறந்தார்கள்: மூன்று வாரம் தொடர்ந்து டியூட்டி, இடையில் ஹோட்டல் அறையை விட்டு வெளியே வரக் கூடாது, பிறகு இரண்டு வாரம் ஹோட்டல் தனிமை, அப்புறம்தான் வீடு. ஐந்து வாரம் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு அப்பால் கூடப் பார்க்க முடியாது. 2021 நவம்பரில் ஃபெட்எக்ஸ் தன் ஹாங்காங் விமானிகள் தளத்தையே மூடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டின் கடைசியில் சரக்கு விமானிகளுக்கும் ஏழு நாள் தனிமை என்று அரசு இறுக்கியபோது கேத்தே தன் நெடுந்தூரச் சரக்கு விமானங்களை ஒரு வாரம் நிறுத்த வேண்டியதாயிற்று. விமானம் இருந்தது, சரக்கு இருந்தது, ஓட்ட ஆளில்லை.

இரண்டே வருஷத்தில் கதை தலைகீழ். பயணிகள் விமானங்கள் திரும்பின, சரக்குக் கட்டணம் விழுந்தது. 2023ல் ஃபெட்எக்ஸ், தன்னிடம் விமானிகள் அதிகமாக இருக்கிறார்கள், வேண்டுமானால் ஒரு பிராந்தியப் பயணிகள் நிறுவனத்துக்குப் போகலாம் என்று தன் விமானிகளிடமே சொன்னது. ஜம்போ ஓட்டுகிறவரை மினி பஸ்ஸுக்குப் போகச் சொல்வதுபோல. அதே ஆண்டு யுபிஎஸ் தானாக விலகுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஃபெட்எக்ஸ் விமானிகள் அந்த ஜூலையில்தான் நிறுவனம் கொடுத்த ஒப்பந்தத்தை 57 சதவீத வாக்கில் தள்ளியிருந்தார்கள்.

ஆள் போதாத காலத்தில் எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்பதும் கவலைக்குரியதுதான். 2019 பிப்ரவரி 23 அன்று அமேசான் சரக்கோடு ஹூஸ்டனுக்கு இறங்கிக்கொண்டிருந்த அட்லஸ் ஏர் நிறுவனத்தின் 767 ஒரு விரிகுடாவில் மூக்குக் குத்தி விழுந்தது. மூவரும் இறந்தார்கள். தவறாக ஒரு விசை அழுத்தப்பட்டு விமானம் மேலெழத் தொடங்க, துணை விமானி நிலைகுழம்பி மூக்கைக் கீழே தள்ளினார். அவர் முந்தைய நிறுவனங்களில் தேர்வுகளில் தவறியிருந்தார், விண்ணப்பத்தில் அந்த வேலைகளில் சிலவற்றை மறைத்திருந்தார். விமானிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் பார்க்கும் தரவுத்தளம் அமைக்க வேண்டும் என்று 2010 சட்டமே சொல்லியிருந்தது. கோல்கன் விபத்துக்குப் பின் வந்த அதே சட்டம்தான். ஒன்பது வருஷம் கழித்தும் அது முழுதாக வந்திருக்கவில்லை.

நம் ஊர்ப்பக்கம் சரக்கு விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு. புளூ டார்ட்டின் விமானப் பிரிவு சென்னையைத் தலைமையிடமாக வைத்து 1996லிருந்து ராத்திரி விமானங்களை ஓட்டுகிறது என்பது மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடத் தெரியாது. ஆனால் களைப்புக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பு என்னவென்று 2025 டிசம்பரில் இந்தியா முழுக்கப் பார்த்தது. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகும், ராத்திரியில் தரையிறங்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறையும் என்று இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. 5ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கும் மேல். விதி வருகிறது என்று தெரிந்த இரண்டு வருஷத்தில் அதற்கு வேண்டிய விமானிகள் சேர்க்கப்படவில்லை. பிறகு என்ன ஆனது? இரவு டியூட்டி விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்குக் கிடைத்தது. நடுவில் திண்டாடிய பயணிகள் டிவியில் அழுதார்கள், அதனால் நாடு கவனித்தது. சரக்கில் இப்படி நடந்தால் உங்கள் பார்சல் ஒரு நாள் தாமதம் என்று ஒரு குறுஞ்செய்தி வரும்.

இப்போது அடுத்த கட்டத்துக்கான பேச்சு ஓடுகிறது. நெடுந்தூரப் பயணத்தில் விமானம் உயரத்தில் சமமாகப் போகும்போது காக்பிட்டில் ஒரே ஒருவர் போதும், மற்றவர் படுத்துக்கொள்ளலாம் என்பது விமானம் தயாரிக்கிறவர்களின் யோசனை. ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு இதை ஆராய்ந்து, இப்போதைய காக்பிட் வசதிகளை வைத்து இருவர் இருக்கும் அளவுக்குப் பாதுகாப்பை உறுதி சொல்ல முடியாது என்று 2025ல் சொல்லியிருக்கிறது. 2018லேயே அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒற்றை விமானி பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு பிரிவு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. அந்தப் பிரிவு எந்த விமானங்களுக்கு என்று நினைக்கிறீர்கள்? சரக்கு விமானங்களுக்குத்தான்.

திருச்சி கேப்டனிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசியிருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகும் எப்போதாவது பேசிக்கொள்வோம். அவர் இப்போது வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார், அங்கே ஸ்டேண்ட்பைக்கு ஆள் வைத்திருக்கிறார்களாம். போன வருஷம் ஒரு ராத்திரி முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார், மறுபேச்சில்லாமல் வேறு ஆளை அனுப்பியிருக்கிறார்கள். சம்பளம் பழைய இடத்தைவிடக் குறைவுதான். அங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னார்.